நீலத் தடாகத்துக்கு வந்தவர்கள்

தர்மபுரி மாவட்டத்தில் ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி நாற்பத்தோராயிரத்து முந்நூற்று எட்டு சுற்றுலாப் பயணிகளை வரவழைத்த ஆள் நான் ஒருவன்தான். ஒகேனக்கல்லில் அருவி இருக்கிறது, அங்கே கூட்டம் சேர்வதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. என்னிடம் இருந்தது ஒரு கல்லுக்குழி, ஒரு இரும்புக் கேட், ஒரு பேனா. ஊரடங்கு போட்டு உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருந்த ஏப்ரல் மாதத்திலும் எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அதில் இருபத்தாறு பேருக்கு அரை டிக்கெட்.

நீங்கள் சிரிக்கமாட்டீர்கள் என்று தெரியும் ஐயா. நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொல்லி முப்பது வெள்ளைத் தாள் கொடுத்திருக்கிறீர்கள். முப்பது தாள் எனக்கு மூக்குப்பொடி மடிக்கக்கூடக் காணாது. இருந்தாலும் சுருக்கிப் பார்க்கிறேன்.

என் பெயர் காளியப்பன். வயது அறுபத்தெட்டு. ஒரு பேரூராட்சியில் முப்பத்தொரு வருடம் பிறப்பு இறப்புப் பதிவு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். என் கையெழுத்து விழாமல் அந்தப் பக்கத்தில் எவரும் பிறந்ததில்லை. போகிறவர்கள் விஷயத்திலும் அப்படித்தான், என் பேனா மூடியைத் திறக்கும்வரை எமனே வாசலில் எருமையைக் கட்டிவிட்டுக் காத்திருப்பான். அன்றன்று பதிந்த பெயர்களை வீட்டில் ஒரு டைரியில் குறித்துவைப்பது என் பழக்கம். ஓய்வு பெற்றபோது முப்பத்தொரு டைரி சேர்ந்திருந்தது. எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள்.

கம்பைநல்லூரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போய், கைகாட்டியில் இறங்கி, ஒரு கிலோமீட்டர் நடந்தால் அந்தக் குழி. கல் உடைத்து முடித்துக் கைவிட்டது. மழைத்தண்ணீர் தேங்கி வெயிலில் நீலமாகத் தெரியும். ஆழத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். தென்னைமேல் தென்னையாக இரண்டு மரத்தை நிறுத்தினாலும் மேல் மட்டை நனைந்துவிடும். ஊரார் கல்லுக்குழி என்பார்கள். கிரஷர் வைத்திருந்த சந்திரமோகன் அதற்கு நீலத் தடாகம் என்று பெயர் வைத்து, சுற்றுலா மேம்பாட்டுக் கழகம் ஒன்றைப் பதிவு செய்து, அதற்குத் தானே செயலாளராகவும் ஆனார். 2019 பிப்ரவரியில் அரசு மானியம் வந்தது. அடுத்தடுத்த மானியம் வேண்டுமென்றால் எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று வருகைப் பதிவேட்டைக் காட்ட வேண்டும். பதிவேடு என்றதும் அவருக்கு என் ஞாபகம் வந்ததில் வியப்பில்லை.

எனக்கென்று ஒரு தொழில் தர்மம் உண்டு. உயிரோடு இருப்பவன் பெயரை எழுதமாட்டேன். அது மோசடி. நாளைக்கு அவன் வந்து நான் எப்போது வந்தேன் என்று கேட்டால் என்ன சொல்வது? ஆகவே டைரிகளை எடுத்தேன். 1997இல் காலமான செக்கு வைத்திருந்த ராணியம்மாளை ஐந்து பேரோடு வரவழைத்தேன். கருத்துப் பகுதியில் 'காற்று நன்றாக இருக்கிறது, போண்டா சூடாக இல்லை' என்று எழுதினேன். இருபது வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் செத்துப்போன ஒரு கணவன் மனைவியை ஒரே மிதிபடகில் ஏற்றினேன். உயிரோடு இருந்தபோது தர்மபுரி பஸ் ஸ்டாண்டைத் தாண்டாத ஜனங்களுக்கெல்லாம் ஒரு நாள் உல்லாசம் கிடைத்தது. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

படகு என்று சொன்னேன். அன்னப்பறவை வடிவில் இரண்டு வாங்கியதாகக் கணக்கு. அவை காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டில் வைத்த விளம்பரப் பலகையில் மட்டும் நீந்தின. நீரில் விழுந்தவர்களுக்கு வீச மிதவை வளையம் பன்னிரண்டு. அவற்றை டிக்கெட் கொடுக்கும் அறையின் சுவரில் ஒரு பெயிண்டரை வைத்து வரைந்துவிட்டோம். சிவப்பும் வெள்ளையும், கயிறு, ஆணி, ஆணியின் நிழல்கூட உண்டு. தூரத்தில் நின்று பார்த்தால் கழற்றிக்கொண்டு ஓடலாம் போலிருக்கும். படகேறுவதற்கு இரும்புக் கால் வைத்த மரமேடை ஒன்று, தண்ணீருக்குள் இருபது பலகை நீளம். திறப்பு விழாப் படத்துக்காக முதல் ஆறு பலகையைத்தான் ஆணி வைத்து அடித்தார்கள். மற்றதெல்லாம் பெட்டி உடைத்த பலகை, சும்மா பரப்பி வர்ணம் பூசியது. ஏழாவதில் யாரும் கால் வைக்க வேண்டாம் என்று தச்சர் சொல்லிவிட்டுப் போனார். காவலாளி வெங்கடாசலம். அவர் 2004இல் பாம்பு கடித்து இறந்தவர். மாதாமாதம் அவருக்காக நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் லூர்துமேரி வந்தாள்.

அவளை எனக்குப் பல வருடமாகத் தெரியும். அங்கன்வாடிப் பணியாளர். தன் ஊரில் நடக்கும் பிறப்பு இறப்பை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டுவந்து பதிவுக்குக் கொடுப்பது அவள் வழக்கம். எழுத்து முத்து முத்தாக இருக்கும். 2019 நவம்பரில், ஒரு புதன்கிழமை, அவள் கேட்டருகில் வந்து நின்றாள். அவள் கணவர் பச்சியப்பன், காரிமங்கலத்தில் வெல்டிங் பட்டறையில் வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, 'படகெல்லாம் வுட்றாங்களாம், எப்படி இருக்குதுன்னு மொதல்ல நான் பாத்துட்டு வர்றேன், அடுத்த வாரம் பாப்பாவக் கூட்டிட்டுப் போலாம்' என்று சொல்லிக் கிளம்பியவர் திரும்பவில்லை.

பஸ் கண்டக்டர் அவரைக் கைகாட்டியில் இறக்கிவிட்டதாகச் சொன்னார். கைகாட்டியில் டீக்கடை போட்டிருக்கும் குள்ளம்மாள், அவர் டீ குடித்துவிட்டு வழி கேட்டுக்கொண்டு நடந்ததாகச் சொன்னாள். செல்போன் கடைசியாக எடுத்த டவர் ஐந்து ஊருக்கும் பொது என்றாலும் அதுவும் இந்தப் பக்கம்தான் என்றார்கள். மொத்தத்தில் பச்சியப்பன் நீலத் தடாகத்துக்கு வந்தார் என்று எல்லாரும் நம்பினார்கள். நம்பாதவன் நான் ஒருவன். காவல் நிலையத்திலிருந்து வந்தவர்களிடம் பதிவேட்டைப் பிரித்துக் காட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை இருநூற்றுப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். ஒருவர்கூடப் பச்சியப்பன் இல்லை. அவர்கள் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

லூர்துமேரி போகவில்லை. ஊழியர் பட்டியலில் காவலாளி ஒருவர் இருக்கிறாரே, அவரை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்றாள். லீவில் போயிருக்கிறார் என்றேன். அடுத்த வாரமும் லீவு. கடைசியில் வெங்கடாசலத்துக்கு ஒரு கடிதம் எழுதி என்னிடம் கொடுத்தாள். 'அண்ணா, நீங்க பாத்திருந்தா ஒரு வார்த்த சொல்லுங்க' என்று.

பதில் போடாமல் இருப்பது மரியாதை இல்லை. இடது கையால் எழுதினேன். பார்த்தேன் தங்கச்சி, மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண்ணோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார், இரண்டு பேரும் பெங்களூர் போவதாகப் பேசிக்கொண்டது காதில் விழுந்தது, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். யோசித்துப் பாருங்கள் ஐயா. ஒரு பெண்ணுக்குக் கணவன் இல்லை என்று சொல்வது நல்லதா, எங்கேயோ இருக்கிறான் என்று சொல்வது நல்லதா? நான்கு வருடம் அவளைப் பூவும் தாலியுமாக வைத்திருந்தவன் நான்.

அவள் திரும்ப எழுதினாள். எந்த பஸ், என்ன நிறச் சட்டை, அந்தப் பெண் என்ன வயது. வெங்கடாசலம் மொத்தம் ஒன்பது கடிதம் எழுதினார். எழுத எழுத எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. நாலாவது கடிதத்தில் பெங்களூர் மார்க்கெட் பக்கம் ஒரு பட்டறையில் பச்சியப்பனைப் பார்த்ததாக ஒரு லாரி டிரைவர் சொன்னார் என்று சேர்த்தேன். அவள் போட்டோவை எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் பதினோரு தரம் போய் வந்தாள். கூடவே பாப்பாவும். பட்டறை பட்டறையாக நுழைந்து கேட்டிருக்கிறாள். ஊரில் ஓடிப்போனவன் பெண்டாட்டி என்று ஒரு பேர் வந்துவிட்டது. மாமனார் வீட்டில் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் அதற்கு முன்னால் அவள் பெங்களூரைப் பார்த்ததே இல்லை. எங்கள் கழகத்தால் உண்மையில் ஊர் சுற்றிப் பார்த்தவர்கள் என்று எடுத்துக்கொண்டால் அவளையும் அந்தக் குழந்தையையும்தான் சொல்ல வேண்டும்.

இனி எழுதப்போவதை நீங்கள் என் வழக்கமான அளப்பு என்று நினைக்கலாம். 2021 ஐப்பசியில் பகல் மூன்று மணிக்குக் கேட்டருகில் ஆட்கள் நிற்கத் தொடங்கினார்கள்.

முதலில் வந்தது ராணியம்மாள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அதே சேலை. மேசைக்கு எதிரில் நின்று, பதிவேட்டில் தன் பெயர் இருக்கும் வரியில் விரலை வைத்து, 'அஞ்சு பேரோட வந்தேன்னு போட்டிருக்கீங்களே சாமி, படகு எங்க?' என்று கேட்டாள். கோபம் இல்லை. சந்தையில் விலை கேட்பதுபோலத்தான். மறுநாள் பத்துப் பேர். அதற்கடுத்த வாரம் வரிசை கைகாட்டி வரைக்கும் போயிற்று. இந்த ஒன்றை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை. பேசாத கணவனும் மனைவியும் தள்ளித் தள்ளி நின்றார்கள். வெயில் கொளுத்தும், யாருக்கும் நிழல் விழாது. ஒவ்வொருவரும் மேசைக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு நகர்வார்கள். படகு எங்கே, வளையம் எங்கே, காவலுக்கு ஆள் எங்கே. தணிக்கை என்றால் அதுதான் தணிக்கை. நான் பராமரிப்பில் இருக்கிறது என்று பதில் சொல்லிப் பழகிக்கொண்டேன். இறந்தவர்களோடு முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவனுக்கு அது பெரிய கஷ்டமில்லை.

வரிசையின் கடைசியில் ஒருவர் நிற்பார். அவர் மேசைக்கு வரவே மாட்டார். எல்லாரும் கேட்டு முடித்துப் போனபிறகும் கேட்டுக்கு வெளியே அப்படியே நிற்பார். அவர் நின்ற இடத்தில் மண் ஈரமாக இருக்கும். இரண்டு மாதம் பொறுத்தேன். பிறகு எனக்குக் காரணம் புரிந்தது. மற்றவர்களுக்கெல்லாம் பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது, கேட்டுவிட்டுப் போகிறார்கள். இவருக்கு வரி இல்லை. வரி இல்லாதவர் எங்கே போவார்? ஒரு நாள் பேனாவை எடுத்து எழுதினேன். 'பச்சியப்பன், வெல்டிங், காரிமங்கலம், நபர் ஒன்று.' அன்றிலிருந்து அவர் வரவில்லை. மற்றவர்களும் வரவில்லை. அந்த வருடம்தான் நன்றாகத் தூங்கினேன்.

லூர்துமேரி தூங்கவில்லை போலிருக்கிறது. கணவரைப் பற்றிக் கேட்டால் எல்லா இடத்திலும் கையை விரிக்கிறார்கள் என்று கண்டுகொண்டு, கழகத்தின் செலவைப் பற்றிக் கேட்கத் தொடங்கினாள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. காவலாளிக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறீர்களே, அவர் வீட்டு முகவரி என்ன? வளையம் வாங்கிய கடை எது? மேடை கட்டியதை அளந்து பார்த்தவர் யார்? நாங்கள் தனியார் சங்கம், பதில் சொல்லத் தேவையில்லை என்று சந்திரமோகன் எழுதினார். பணம் அரசாங்கத்துடையது, ஆகவே பதிலும் வேண்டும் என்று மேல்முறையீடு போனாள். ஒரு வருடம் இழுத்தது. ஜெயித்துவிட்டாள். பதிவேட்டின் நகல் அறுநூற்றுப் பதினான்கு பக்கம். அதை அரிசிச் சாக்கில் போட்டுத் தலையில் வைத்து எடுத்துக்கொண்டு போனாளாம்.

போன மாதம், மானியச் செலவு குறித்த பொது விசாரணை ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நீங்களும் ஸ்டேஷன் ஆட்களோடு பின்வரிசையில் இருந்தீர்கள். ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

சந்திரமோகன் எழுந்து, பதிவேடு முழுக்கக் காளியப்பன் பொறுப்பு, உயிரோடு இருக்கிறவர்கள் பேரில் அவர் கள்ளக் கையெழுத்துப் போட்டிருந்தால் கழகம் என்ன செய்யும் என்று கையைக் கழுவிவிட்டார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. முப்பத்தொரு வருட வேலையைப் பற்றி அப்படி ஒரு சொல் கேட்டதில்லை. லூர்துமேரி மைக்கைப் பிடித்தாள். கையில் ஒரே ஒரு கட்டுக் காகிதம்.

"சாருங்க, இதுல எங்க மாமியாரு பேரு இருக்குது. 2019 ஆகஸ்ட்ல வந்தாங்கன்னு. அவுங்க தவறுனது 2010. சீட்டு எழுதி உங்க கையில குடுத்ததே நான்தாங்க."

"ஆமாம்மா," என்றேன்.

"ஒவ்வொரு ஊரா போயி கேட்டேங்க. பாத்த வரைக்கும் எல்லாமே போய்ச் சேர்ந்தவங்க. எனக்கு ஒம்பது கடுதாசி போட்ட வாட்ச்மேனும் பாம்பு கடிச்சுச் செத்தவருங்க." மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். "உசுரோட இருக்கறவங்க பேரு ஒண்ணுகூடவா எழுதல நீங்க?"

இதைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். சந்திரமோகனைப் பார்த்துக்கொண்டே எழுந்து நின்று, சபைக்குக் கேட்கும்படியாகச் சொன்னேன்.

"ஒண்ணுகூட இல்ல. நாப்பத்தோராயிரத்து முந்நூத்தியெட்டுப் பேரும் செத்தவங்க. உசுரோட இருக்கறவன் பேர எழுதுற புத்தி எனக்குக் கெடையாது. எங்க வேணும்னாலும் போயிச் சரி பாருங்க."

"உறுதியாத்தான் சொல்றீங்களா சார்?"

"சத்தியமா சொல்றேன்."

அவள் காகிதக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி என் கையில் கொடுத்தாள். குரல் ஏறவில்லை.

"அப்டீன்னா எங்க வூட்டுக்காரரு செத்துட்டாருன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

பச்சியப்பன் என்ற பெயரில் மாவட்டத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வெல்டிங், காரிமங்கலம் என்றும் நானே எழுதியிருந்தேன். நான் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் நீங்கள் வந்து தோளைத் தொட்டீர்கள்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமையையும் எழுதிவிடுகிறேன்.

அவர் வந்தபோது மணி மூன்று இருக்கும். கறிச்சோறு தின்றுவிட்டு ஊரே படுத்திருந்த நேரம். படகு எங்கே என்றார். பராமரிப்பில் இருக்கிறது என்றேன். சுவரருகே போய் வளையத்தைத் தொட்டார். விரலைப் பார்த்துச் சிரித்தார். பிறகு செல்போனை எடுத்துச் சுவரையும் மேடையையும் படம் பிடித்தார். கோபக்காரர் இல்லை, தணிவாகத்தான் பேசினார்.

"நாளைக்குத் திங்கக்கெழம மனு நாளுங்க சார். கலெக்டர் ஆபீஸ்ல இதக் காட்டலாம்னு இருக்கறேன். கொழந்தைங்களக் கூட்டிட்டு வர்றவங்க இருப்பாங்க பாருங்க."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நாளைக்கு என்றால் நாளைக்கே. அப்போதுதான் எண்ணாயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள். பாதியில் விட எனக்கு மனமில்லை.

"அந்த மேடை கடைசியில நின்னு எடுத்தீங்கன்னா குழி முழுக்கத் தெரியும்ங்க," என்று சொன்னேன்.

நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஏழு பலகைதான். இரண்டு தரம் மேலே வந்து, மேடையின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டார். நீச்சல் தெரியாது போலிருக்கிறது. சார் என்றுதான் கூப்பிட்டார், கடைசிவரை மரியாதை குறையவில்லை. நான் கட்டியிருந்தது எட்டு முழ வேட்டி. அவிழ்த்து வீசியிருந்தால் எட்டியிருக்கும். அதைச் சாயங்காலம் துவைக்கும்போது யோசித்ததாகத்தான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். இல்லை. அப்போதே தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து அன்றைய பக்கத்தை எழுதி முடித்தேன். இருநூற்றுப் பதினான்கு. முடித்தபோது இரும்புக்காலில் யாரும் இல்லை.

புதன்கிழமை விடியற்காலையில் மிதந்தார். லூர்துமேரி கேட்டருகில் வந்து நின்றது அதே நாள் பத்து மணிக்கு. அதற்குள் வேலை முடிந்திருந்தது. திறப்பு விழாவுக்கு வருவதாக இருந்த பெரிய மனிதர் கன்று நடுவதற்காக ஜேசிபி வைத்துத் தோண்டிய குழி ஒன்று, அவர் வராததால் தூராமல் கிடந்தது. கணக்கில் ஐந்நூறு மரக்கன்று என்று இருக்கும். நட்டது அந்த ஒரு புங்கன்தான். நன்றாக வந்திருக்கிறது. கேட்டுக்கு வலதுகைப் பக்கம், ஐந்தடி தோண்டினால் போதும்.

இந்தத் தாளை லூர்துமேரிக்கும் காட்டுங்கள். அவள் கேட்டதற்கு மண்டபத்தில் பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் சொன்னது சரி. குள்ளம்மாள் சொன்னதும் சரி. நம்பாமல் இருந்தவன் நான் ஒருவன், நானும் இப்போது ஒப்புக்கொள்கிறேன். பச்சியப்பன் வந்தார். நீலத் தடாகத்தைப் பார்க்க வந்தவர் அவர் ஒருவர்தான்.